தூத்துக்குடி மாவட்டத்தைப் பிரிக்கும் 78-வது கோடு: உங்க நில அளவுக்கும் 1802-ல் சங்கிலி போட்ட வில்லியம் லாம்டனுக்கும் என்ன சம்பந்தம்?

முத்தையாபுரத்தில் சரியாக 100 ஏக்கரில் ஒரு உப்பளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மூலைகளில் ஜி.பி.எஸ். கருவியை வைத்து அளக்கிறார்கள். கிடைத்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்று பரவலாகப் புழங்கும் யு.டி.எம். கட்டத்தில் அப்படியே பரப்பைக் கணக்குப் போட்டால் 100 ஏக்கர் 16 சென்ட் என்று வரும்.

கருவியில் கோளாறு இல்லை. அளந்தவரும் தப்புப் பண்ணவில்லை. பக்கத்து உப்பளத்துக்காரர் வரப்பை நகர்த்தவும் இல்லை. அந்த 16 சென்ட் தரையில் எங்கேயும் கிடையாது. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது கணக்கில் முளைக்கிற நிலம் அது.

தரை வேறு, தாள் வேறு என்ற இந்தச் சிக்கலோடு தமிழ்நாட்டில் முதன்முதலாகப் பெரிய அளவில் மல்லுக்கட்டியவர் வில்லியம் லாம்டன். சென்னை பரங்கிமலையில் சங்கிலியை நீட்டி வேலையைத் தொடங்கி, கன்னியாகுமரிக் கரை வரை வந்து, பிறகு வடக்கே அளந்துகொண்டே போனவர். எவரெஸ்ட் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த எவரெஸ்ட்டுக்கு முன்னால் இந்த வேலையைத் தொடங்கியவரைப் பலருக்குத் தெரியாது.

யார் இந்த லாம்டன்?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஒரு சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த ஆண்டு உறுதியாக இல்லை, 1753 முதல் 1756 வரை பல விதமாகச் சொல்கிறார்கள். தன் வயதை அவர் யாரிடமும் வெளிப்படையாகச் சொன்னதில்லை என்பதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து, அமெரிக்க விடுதலைப் போரின்போது அந்தப் பக்கம் போனார். போர் முடிந்த பிறகு கனடா, அமெரிக்கா எல்லையை அளக்கும் வேலையில் இருந்தார். அப்புறம் இன்றைய கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் படைவீரர் குடியிருப்புகளைக் கவனிக்கும் சுமாரான ஒரு வேலையில் சுமார் 13 ஆண்டுகள்.

பதவி உயர்வு இல்லை, பெரிய சம்பளம் இல்லை. ஆனால் நேரம் நிறைய இருந்தது. அந்த நேரத்தில் கணிதமும் வானியலும் தானாகப் படித்தார். அங்கே இருந்தபோதுதான் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் கருவி வழியாகச் சூரிய கிரகணத்தைப் பார்த்து, ஒரு கண்ணின் பார்வையைக் கெடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் இந்தியாவின் மிகப் பெரிய அளவைக்காக டெலஸ்கோப்பில் கண் வைத்த மனிதருக்கு ஒரு கண்தான் சரியாகத் தெரியும்.

அவருடைய 33-வது ரெஜிமென்ட்டோடு இந்தியா வந்தபோது வயது 40-ஐத் தாண்டிவிட்டது. அந்தப் படைக்குத் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன் பிரபு.

1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிரான நாலாம் மைசூர்ப் போர். ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிய நேரத்தில் ஓர் இரவு ஜெனரல் பெய்ர்டின் படைப்பிரிவு ஒரு தோப்பைத் துழாவிவிட்டு முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தெற்கே போக வேண்டிய படை வடக்கே நடப்பதை வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சொன்னவர் லாம்டன். முதலில் நம்பவில்லை. பிறகு திசைகாட்டியைப் பார்த்தபோது அவர் சொன்னதே சரி. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் நேராகத் திப்புவின் படை முன்னால் போய் நின்றிருப்பார்கள்.

ஏற்கெனவே மேப் இருக்கும்போது எதற்கு இன்னொரு அளவை?

போர் முடிந்ததும் லாம்டன் ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். தென்னிந்தியாவின் குறுக்கே கடலிலிருந்து கடல் வரைக்கும், பிறகு தெற்கு வடக்காகவும் முக்கோணங்களால் அளக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆர்தர் வெல்லெஸ்லியின் சிபாரிசு இருந்தது. அவருடைய அண்ணன் ரிச்சர்ட் வெல்லெஸ்லிதான் அப்போது கவர்னர் ஜெனரல்.

ஆனால் எதிர்ப்பும் வந்தது. அப்போதைய இந்திய மேப்புகளுக்குப் பெயர் பெற்றவர் ஜேம்ஸ் ரென்னல். அவருடைய மேப்புகள் இருக்கும்போது இவ்வளவு செலவு எதற்கு என்பதே கேள்வி. இன்றும் எந்த அளவைத் திட்டத்துக்கும் முதலில் வருகிற கேள்வி இதுதான்.

பதிலைக் களம் சொன்னது. சென்னையிலிருந்து மங்களூர்க் கரை வரை சுமார் 400 மைல் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். லாம்டன் அளந்து முடித்தபோது அது சுமார் 360 மைல்தான். கம்பெனியின் வரைபடத்திலிருந்து 40 மைல் அகலம் காணாமல் போனது! நிலவரி வாங்குவதையே தொழிலாக வைத்திருந்த ஓர் ஆட்சிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பரங்கிமலையில் போட்ட சங்கிலி

முக்கோண அளவையின் அடிப்படை எளிது. ஒரு கோட்டின் நீளம் தெரிய வேண்டும். அதன் இரண்டு முனைகளிலிருந்தும் தூரத்தில் தெரியும் ஒரு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், அந்தக் குன்று எவ்வளவு தூரம் என்பது கணக்கில் வந்துவிடும். அந்தத் தூரத்தையே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாக வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஆறு, காடு, வயல் எது இருந்தாலும் கவலையில்லை. முத்துக்குளித்துறைக் கடலில் கரையிலிருக்கும் கோபுரத்தையும் மரத்தையும் நேர் பார்த்து இடம் பிடிக்கும் மீனவருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் முதல் கோட்டில்தான். அது ஓர் அங்குலம் பிசகினால், அதன் மேல் கட்டும் ஆயிரம் மைலும் பிசகும்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடைப்பட்ட சமதரையில் லாம்டன் தன் அடிக்கோட்டைத் தொடங்கினார். நீளம் சுமார் 7.5 மைல், அதாவது 12 கிலோமீட்டர். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் பிரிட்டிஷ் தூதுக்குழு கொண்டுபோன கருவிகளில் அதுவும் ஒன்று. அங்கே மதிப்பில்லாமல் திரும்பி, கல்கத்தா வழியாக லாம்டன் கைக்கு வந்தது.

சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்துவிட்டுப் போகிற வேலை இல்லை இது. முளைகள் அடித்து, அதன் மேல் மரப்பெட்டிகளை ஒரே மட்டமாக வைத்து, பெட்டிக்குள் சங்கிலியைக் கிடத்த வேண்டும். வெயில் பட்டால் எஃகு நீளும் என்பதால் மேலே நிழலுக்குக் கூடாரம், பக்கத்தில் வெப்பமானி. ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்து, நீளத்தைத் திருத்த வேண்டும். இப்படிச் சுமார் 400 முறை. அதுவும் சென்னையின் ஏப்ரல், மே வெயிலில்!

கோணம் எடுக்கும் பெரிய தியோடலைட் அப்போது வந்து சேரவே இல்லை. அரை டன் எடை, 36 அங்குல வட்டம். லண்டனிலிருந்து வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, இது போர்க் கருவி இல்லை, அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். சண்டைக் காலத்திலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது.

லாம்டன் பரங்கிமலை அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பெங்களூர் வரை கணக்குப் போட்டுக்கொண்டு போய், அங்கே இன்னோர் அடிக்கோட்டை நேரடியாகச் சங்கிலியால் அளந்து சரிபார்த்தார். கணக்குக்கும் சங்கிலிக்கும் வித்தியாசம் சில அங்குலம்தான்.

முக்கோணத்தின் மூன்று கோணம் 180 டிகிரிதானா?

பள்ளியில் படித்தபடி ஆம். ஆனால் அது தட்டையான தாளில். பந்தின் மேல் முக்கோணம் வரைந்தால் கூட்டுத்தொகை 180-ஐவிடக் கூடும். பூமியின் மேல் சுமார் 200 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கோணத்தில் இந்தக் கூடுதல் ஒரு விநாடி, அதாவது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு.

இவ்வளவு சின்ன வித்தியாசத்தையா பார்ப்பார்கள் என்று தோன்றலாம். லாம்டனின் முக்கோணங்களுக்குப் பல பத்து மைல் நீளப் பக்கங்கள் உண்டு. அவற்றில் இந்த விநாடிகள் சேர்ந்துகொண்டே போகும். அவர் தன் வேலையைச் சாதாரண நில அளவையிலிருந்து பிரித்துச் சொன்னதும் இதனால்தான். வயலை அளப்பவர் பூமியைத் தட்டை என்று எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. நாட்டை அளப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

பூமி சரியான உருண்டையும் இல்லை. துருவத்தில் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. அதனால் ஒரு டிகிரி அட்சரேகையின் நீளம் எல்லா இடத்திலும் ஒன்று இல்லை. தூத்துக்குடிப் பக்கம் சுமார் 110.6 கிலோமீட்டர், துருவத்தை ஒட்டி சுமார் 111.7 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட வில்லை அளந்தால் பூமியின் உண்மையான வடிவம் பிடிபடும் என்பது லாம்டனின் பெரிய ஆசை. கம்பெனிக்கு மேப் வேண்டும், அவருக்குப் பூமியின் வடிவம் வேண்டும். ஒரே செலவில் இரண்டும் நடந்தன.

தஞ்சைப் பெரிய கோயிலில் அறுந்த கயிறு

மைசூர்ப் பக்கம் குன்றுகள் இருந்தன, ஏறி நின்று பார்க்கலாம். காவிரி டெல்டாவுக்கு வந்ததும் சிக்கல் தொடங்கியது. ஒரே சமவெளி, போதாததற்குத் தென்னையும் பனையும் மறைக்கும். ஆனால் ஊருக்கு ஊர் கோயில் இருக்கிறதே! லாம்டன் உயரமான கோபுரங்களையே தன் குன்றுகளாக்கிக்கொண்டார்.

1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் அந்த அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே தூக்கும்போது ஒரு கயிறு அறுந்தது. கருவி வீசிப்போய்ச் சுவரில் மோதியது. அதன் உயிர்நாடியான பெரிய வட்டம் கோணிவிட்டது. விநாடிக் கணக்கில் கோணம் காட்ட வேண்டிய வட்டம் அது. வேறு யாராக இருந்தாலும் கணக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

இங்கிலாந்துக்குப் புதுக் கருவி கேட்டு எழுதினார். அது வந்து சேர வருஷக்கணக்காகும். அதுவரை சும்மா இருக்க முடியாது. கருவியைக் கழற்றிப் போட்டார், சில கைவினைஞர்களை மட்டும் கூட வைத்துக்கொண்டார். ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, கோணிய வட்டத்தைத் துளித்துளியாகப் பழைய இடத்துக்கு இழுத்தார். ஆறு வாரம் ஆனது. அந்தக் கருவி மறுபடி வேலைக்கு வந்தது. அவருக்குப் பின் வந்தவர்கள் காலத்திலும் உழைத்தது.

அடுத்த ஆண்டு, 1809-ல், இன்றைய நெல்லை, தூத்துக்குடிச் சீமைக்கு வந்துசேர்ந்தார். பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஓர் அடிக்கோடு அளந்தார். கன்னியாகுமரிக்கு அருகே புன்னை என்ற இடத்தில் அவருடைய பெரிய வில்லின் தெற்கு முனை அமைந்தது. அங்கிருந்து ஏறக்குறைய 78-வது தீர்க்கரேகையை ஒட்டி வடக்கே பீதர் வரை முக்கோணச் சங்கிலி போனது. கிட்டத்தட்ட 10 டிகிரி நீளம். அதை முடித்தபோது ஆண்டு 1815.

இதெல்லாம் தனியாள் வேலை இல்லை. சங்கிலி பிடித்தவர்கள், கருவி சுமந்தவர்கள், தூரத்துக் குன்றில் கொடியோடு காத்து நின்றவர்கள் என்று பெரிய கூட்டமே போனது. 1794-ல் சென்னையில் எட்டுப் பையன்களோடு தொடங்கிய சர்வே பள்ளியில் படித்த ஜோஷுவா டி பென்னிங் போன்றவர்கள் அவருடைய முக்கிய உதவியாளர்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. பிற்பாடு தெலங்கானாக் காடுகளில் காய்ச்சல் இந்தக் குழுவைச் சாய்த்தது, பலர் இறந்தார்கள். மூட்டை தூக்கியவர்கள் யாரும் மேப்பின் ஓரத்தில்கூட இடம்பெறவில்லை.

1817-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1818-ல் அவருடைய அளவை, சென்னை அரசின் கையிலிருந்து கவர்னர் ஜெனரலின் நேரடிப் பொறுப்புக்குப் போனது. உதவியாளராக ஜார்ஜ் எவரெஸ்ட் வந்து சேர்ந்தார். 1823 ஜனவரி 20, ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்கு முகாம் மாற்றிப் போகும் வழியில், இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில் லாம்டன் இறந்தார். வயது 70-ஐ ஒட்டி இருக்கலாம். அதுவரை அவருடைய முக்கோணங்கள் மூடியிருந்த பரப்பு 1,65,000 சதுர மைலுக்கு மேல். கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. இமயத்தின் உச்சிக்கு 1865-ல் எவரெஸ்ட்டின் பெயர் வந்தது. லாம்டன் பெயரில் அப்படி ஒரு மலை இல்லை.

சரி, உப்பளத்தில் அந்த 16 சென்ட் எப்படி முளைத்தது?

லாம்டனின் வில்லை எவரெஸ்ட் மேலும் வடக்கே நீட்டி, 1830-ல் பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். எவரெஸ்ட் கோளவுரு என்று அதற்குப் பெயர். சர்வே ஆஃப் இந்தியாவின் மேப்புகள் நீண்ட காலம் அதன் மேல்தான் நின்றன. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது வேறு வடிவம், டபிள்யூ.ஜி.எஸ். 84. அதனால் பழைய மேப்பில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகையை மாற்றாமல் அப்படியே போனில் போட்டால், தூத்துக்குடிப் பக்கம் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளிப்போய்க் காட்டும்.

வடிவம் முடிவானாலும் அதைத் தாளில் விரிக்க வேண்டுமே. ரப்பர் பந்தை அறுத்துத் தரையில் வைத்து அமுக்கிப் பாருங்கள். ஓரம் கிழியும், இல்லை இழுபடும். எங்கே இழுபடலாம், எங்கே கூடாது என்று தேர்ந்தெடுப்பதுதான் மேப் புரொஜெக்‌ஷன். 1569-ல் வந்த மெர்கேட்டர் முறை திசையைக் காப்பாற்றி, பரப்பைக் காவு கொடுத்தது. கப்பலுக்கு அது போதும். உலக மேப்பில் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரிவது இதனால்தான். உண்மையில் இந்தியாதான் பெரிது. கூம்பு வடிவத் தாளில் விரிக்கும் லாம்பெர்ட் முறையும் இந்திய மேப்புகளில் உண்டு. இந்த லாம்பெர்ட் வேறு ஆள், லாம்டனோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2005-ம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு, பொதுமக்களுக்கான மேப்புகள் டபிள்யூ.ஜி.எஸ். 84 வடிவத்துக்கும் யு.டி.எம். கட்டத்துக்கும் மாறின. யு.டி.எம். உலகை 6 டிகிரி அகலத்தில் 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு கோடு. அந்த நடுக்கோட்டில் ஒரு கிலோமீட்டர், கட்டத்தில் 40 சென்டிமீட்டர் சுருங்கும். இரண்டு பக்கமும் விலக விலக நீளும்.

முத்தையாபுரம் 44-வது மண்டலத்தில் இருக்கிறது. அதன் நடுக்கோடு 81 டிகிரி, அது இலங்கையின் பதுளை, திருகோணமலைப் பக்கம் போகிறது. மண்டலத்தின் மேற்கு எல்லை 78 டிகிரி. அதாவது முத்தையாபுரம் மண்டலத்தின் விளிம்பில், நீட்சி அதிகமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே தரையில் ஒரு கிலோமீட்டர், கட்டத்தில் சுமார் 80 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். நீளமும் அகலமும் இரண்டுமே அப்படிக் கூடுவதால், 100 ஏக்கருக்குச் சுமார் 16 சென்ட்.

பழைய புலப்படத்தில், அதாவது எஃப்.எம்.பி.யில், இந்தப் பிரச்னை இல்லை. மூலைவிட்டமாக ஒரு ஜி-லைன், அதிலிருந்து செங்குத்தாக ஆஃப்செட், எல்லாமே தரையில் சங்கிலி போட்டு எடுத்த நீளங்கள். 66 அடிச் செயினில் 100 லிங்க். 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். ஒரு வயலுக்குப் பூமி தட்டை என்று வைத்துக்கொண்டதில் பிழை கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தப் படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. எல்லைக்கல் காணாமல் போனால், அந்த வயல் உலகத்தில் எங்கே இருக்கிறது என்பதை அந்தத் தாள் மட்டும் சொல்லாது. ஜி.பி.எஸ். அந்தக் குறையைத் தீர்க்கிறது, கூடவே கட்டத்தின் நீட்சியையும் கொண்டுவருகிறது.

இதைத் திருத்துவது கஷ்டமில்லை. கட்டத் தூரத்தை அந்த இடத்துக்கான ஸ்கேல் ஃபேக்டரால் வகுத்தால் தரைத் தூரம் வந்துவிடும். பரப்பாக இருந்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். முத்தையாபுரத்துக்கு அந்த எண் சுமார் 1.0008. நிலம் வாங்குபவரோ விற்பவரோ டிஜிட்டல் சர்வே அறிக்கையைக் கையில் வாங்கும்போது, பரப்பு கட்டத்தில் எடுத்ததா, தரைக்குத் திருத்தியதா என்று அளந்தவரிடம் கேட்கலாம். ஒரு வீட்டு மனைக்கு இது ஒன்றுமே இல்லை. உப்பளத்துக்கும் தொழிற்சாலை நிலத்துக்கும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

மண்டல எண்ணையும் பார்க்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து நெல்லைக்குப் போகும் சாலையில், வாகைக்குளம் விமான நிலையத்துக்குச் சற்று மேற்கே 78 டிகிரிக் கோடு கடக்கிறது. தூத்துக்குடியும் திருச்செந்தூரும் 44-ல், கோவில்பட்டியும் ஸ்ரீவைகுண்டமும் 43-ல். ஒரே மாவட்டம், இரண்டு மண்டலம். கோட்டுக்குக் கிழக்கே நின்றால் கிழக்கு எண் சுமார் 1,70,000 மீட்டர். நாலு எட்டு மேற்கே வைத்தால் அது சுமார் 8,30,000. மண்டல எண் எழுதாமல் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால், முத்தையாபுரத்து உப்பளம் அரபிக்கடலுக்கு நடுவே போய் விழும்.